நியூட்ரல்

மூன்று நாளாக மாடிப்படி விளக்கு எரியவில்லை.
பல்பு புதுசு.
சுவிட்சைத் தட்டினால் டொக்கென்று கேட்கிறது,
அந்தக் காலத்துக் கறுப்பு பேக்லைட் டொக்,
பனைமரத்தொட்டியே எழுந்து உட்கார்ந்துவிடும் போல.
வெளிச்சம் மட்டும் வரக் காணோம்.

வயர்மேன் வந்தான். அண்ணாந்து பார்த்தான்.
"மொத்தமா உருவணுங்க்கா, எண்பது ஆவும்."
எண்பது என்றால் ஆயிரத்தில்.
டீயைக் குடித்துவிட்டுப் போனான்.

நான் எண்ணூரில் பேனல் போர்டு பூட்டுகிறவள்.
பகலெல்லாம் ஊரார் கரண்டுக்கு வழி சொல்லிவிட்டு
சொந்தப் படியில்
செல்போனை வாயில் கவ்வி ஏறுகிறேன்.

ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும்
நைட்டியை இடுப்பில் செருகி ஸ்டூலில் ஏறினேன்.
மரப்பெட்டி. திருகாணிகளைக் கடல்காற்று தின்றிருந்தது.
உள்ளே துணி சுற்றிய ஒயர்,
தொட்டால் நமுத்த அப்பளம் மாதிரி பிய்கிறது.
பல்லி முட்டை ஓடு ஒன்று.
என் மாமனார் கையெழுத்தில் பென்சிலில் "படி".

சுவிட்சில் பழுதில்லை.
கரண்ட் வருகிறது, தாண்டுகிறது, மேலே போகிறது.
சீலிங் ரோஸைத் திறந்து டெஸ்டர் வைத்தேன்.
ஒரு முனையில் எரிந்தது. சரி.
மறு முனையிலும் எரிந்தது.
பல்பு எரியவில்லை.

தெரியாதவர்கள் பேய் என்பார்கள்.
போன கரண்டுக்குத் திரும்பி வர வழியில்லை,
அவ்வளவுதான்.
நியூட்ரல் எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது.

கறுப்பு ஒயரின் பின்னாலேயே போனேன்,
ரீப்பர் மேல், உத்தரத்தைச் சுற்றி,
ஒட்டடைக்குள்.
ஹாலோ பிளாக் சுவரில் போய் இடித்தது.
நிற்கவில்லை. உள்ளே நுழைந்துவிட்டது.

கமிஷன் வக்கீல் டேப் பிடித்து அளந்த சுவர் அது.
கூடம் இவ்வளவு, கிணறு பாதிப் பாதி,
முருங்கை அவர்களுக்கு, மாடிப்படி எங்களுக்கு.
ஆறு வருஷமாகப் பேச்சில்லை.
தீர்ப்பில் பதினேழு பக்கம்.
ஒயரைப் பற்றி ஒரு வரி இல்லை.

வியாழக்கிழமை அவர்கள் வேளாங்கண்ணிக்குக் கிளம்பினார்கள்.
கஸ்பார் அத்தான் ஜாக்கிரதைக்காரர்,
மெயினை இறக்காமல் வீட்டைப் பூட்டமாட்டார்.
வியாழக்கிழமையிலிருந்துதான் எங்களுக்கு இருட்டு.

ராத்திரி ஒன்பதரைக்கு ஆட்டோ வந்து நின்றது.
பை, செருப்பு, பெர்னதெத்தின் இருமல்.
அந்தப் பக்கம் இரும்பு மெயின் டங்கென்று ஏறியது.
எங்கள் படியில் வெளிச்சம் விழுந்தது,
நாங்கள் யாரும் எதையும் தொடாமல்.

"எரியுதுல்ல, வுடு" என்றார் ரெமிஜியுஸ்,
டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எப்படி விடுவது?
நாளைக்கு அந்தப் பக்கம் எவனாவது
மெயின்தான் இறக்கியாச்சே, கறுப்பு ஒயர்தானே என்று
கை வைப்பான்.
அவனை அடிக்கப்போவது எங்கள் கரண்ட்.

நாலு மீட்டர் புது ஒயர் போதும்,
எங்கள் மீட்டரிலிருந்து.
பழையதைக் கழற்ற
ரெண்டு வீட்டிலும் மெயின் இறங்க வேண்டும்.

எங்களுடையதை இறக்கிவிட்டு
ஸ்டூலில் ஏறி நின்று
சுவரைப் பார்த்துச் சொன்னேன்:
"மெயினை கொஞ்சம் எறக்குங்க."

நேரம் போனது.
பிறகு பெர்னதெத்: "எத்தினி நேரம்?"
"பத்து நிமிசம்."

டங்.
அவர்கள் ஃபிரிட்ஜின் முனகல் நின்றது.
அது வரைக்கும் அது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது
என்பதே அப்போதுதான் தெரிந்தது.

வெட்டினேன், முறுக்கினேன், டேப் சுற்றினேன்.
மே மாதப் புழுக்கம். சுவருக்கு அந்தப் பக்கம்
யாரோ செய்தித்தாளால் விசிறுகிறார்கள்,
வேகமாக, அப்புறம் மெதுவாக.

ஆறு நிமிஷத்தில் வேலை முடிந்துவிட்டது.
நான் இன்னும்
ஏற்றச் சொல்லவில்லை.