சான்றிதழ் இன்னும் தொடங்கவில்லை

முன்ஸ்டரில் ஒன்று மழை பெய்யும்,
இல்லையென்றால் தேவாலய மணி அடிக்கும்.
இன்று இரண்டும்.
பல்கலைக்கழகக் கணினி மையத்தின் நிலத்தடியில்
நாலாம் மேசை என்னுடையது.
சொட்டச் சொட்ட வந்து உட்கார்ந்தான்
லென்னார்ட் என்றொரு பொடியன்.
கோட்டுக்குள் செருகிய மடிக்கணினி;
பழைய சாமான் சந்தையில் நாற்பது யூரோ.
"வைஃபை தெரிகிறது.
ஆனால் என்னை உள்ளே எடுக்குதில்லை."

அணைத்துப் போட்டாயா? போட்டேன்.
கடவுச்சொல்? மூன்று தரம்.
விமானப் பயன்முறை?
அவ்வளவு முட்டாள் இல்லை என்று சிரித்தான்.
இந்த மாடலுக்கு விளிம்பில் ஒரு ஆளி உண்டு,
அரிசிமணி அளவு. நகத்தால் தள்ளிப் பார்த்தேன்.
பச்சை. அதுவும் இல்லை.

வலையமைப்பை மற என்றேன். மறந்தது.
திரும்பச் சேர் என்றேன்.
சுற்றியது, சுற்றியது,
கோடுகள் எல்லாம் நிரம்பியிருக்க
வாசலிலேயே நின்றது.
டிரைவரைக் கழற்றிப் புதிதாய்ப் போட்டேன்.
பக்கத்து மேசை டெகெலர் அம்மா
ஆப்பிள் நறுக்கியபடி,
"எங்கள் சேர்வரில் பிழை இல்லை" என்றாள்,
நான் கேட்காமலே.

பிறகுதான் பதிவுக் கோப்பைத் திறந்தேன்.
நானூறு வரிக்குக் கீழே சிவப்பாய் ஒன்று:
வழங்கியின் சான்றிதழ்
இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை.

இன்னுமா?

கண் தானாகவே திரையின் மூலைக்குப் போனது.
2009, ஜனவரி ஒன்று.
காலை ஒரு மணி பன்னிரண்டு நிமிடம்.

உள்ளே பொத்தான் மின்கலம் செத்துவிட்டது.
செருகியைப் பிடுங்கும்போதெல்லாம்
தொழிற்சாலை கொடுத்த நாளுக்கே திரும்பிப் போகும்,
அங்கிருந்து மறுபடி எண்ணும்.
இன்றைய கையெழுத்தை நீட்டினால்
இது வராத காலத்தின் கள்ளக் கடிதம் என்று
நியாயமாகத்தான் சந்தேகப்படுகிறது.

"அப்போது எனக்கு மூன்று வயது!"
பொடியனுக்கு ஒரே சிரிப்பு.

எனக்கு முப்பத்தொன்று.
ஹம் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
தொலைபேசிக் கடை, ஐந்து யூரோ அட்டை,
காசால் சுரண்டிய வெள்ளித் தூள் நகத்தில்.
கிளிநொச்சி விழ இன்னும் ஓர் இரவு.
பதினாறு இலக்கம் அமத்தி
பிறகு இன்னும் பதின்மூன்று.
கோடுகள் நிரம்பித்தான் இருந்தன அன்றும்.
அழைத்த இலக்கத்தோடு தொடர்பு கொள்ள முடியாதென்று
ஒரு பெண் மூன்று மொழியில் மரியாதையாகச் சொன்னாள்.
அட்டையில் காசு மட்டும் குறையவில்லை.
அதைத்தான் என்னால் தாங்க முடியாமல் போனது.

ஆறு திருகாணி.
லாச்சிக்குள் மின்கலப் பட்டை எப்போதும் வைத்திருப்பேன்.
பழையதை நெம்பினேன், புதியதைப் பதித்தேன்,
எஃப் இரண்டை அமத்தினேன், நீலத்திரை.
மாதம், நாள், ஆண்டு என்று மூன்று கட்டம்.
மாதத்தில் நின்று துடித்தது குறி.

இதை யாரிடமும் சொன்னதில்லை.
மாதத்தில் தொடங்கினால்
பெப்ரவரி, மார்ச், ஏப்ரல் என்று
அந்த ஆண்டின் மே மாதத்துக்குள் நுழைந்துதான்
செப்டம்பருக்கு வரவேண்டும்.
ஒரு விசைதான். கால் நொடி கூட இல்லை.
இருந்தாலும் குறியை வலப்பக்கம் நகர்த்தி
ஆண்டை முதலில் கூட்டினேன்.
பத்து, பதினொன்று, பன்னிரண்டு,
ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் ஆண்டு,
விசாக் கடிதம், முதல் சம்பளம்,
மகள் பிறந்த ஆண்டில் விரல் கொஞ்சம் மெதுவாகியது,
முகக்கவச ஆண்டுகளை இரண்டு தட்டில் கடந்தேன்.
பிறகுதான் மாதம்.
மே வந்தது. வேறொரு மே.
போய்விட்டது.

"ஏன் ஆண்டை முதலில் போட்டீர்கள்?"
கவனித்துவிட்டான்.
பழக்கம் என்றேன்.

சேமி. வெளியேறு.
ஒரு தரம் சுற்றியது,
உள்ளே எடுத்துவிட்டது.
பதினாறு ஆண்டுத் தகவல்கள் ஒரேயடியாய்
வந்து குவியத் தொடங்க,
விசிறி இரைந்தது, அவன் கைகுலுக்கினான்.
மணி ஓய்ந்திருந்தது. மழை ஓயவில்லை.

படிவம் நிரப்பவேண்டும்.
பிழை: இணைப்பு இல்லை.
காரணம்: தவறான திகதி.
எடுத்த நேரம் என்ற கட்டத்தில்
இருபத்தைந்து நிமிடம் என்று எழுதினேன்,
அதற்கு மேல் அதில் இடமில்லை.
செத்த மின்கலத்தைச் சேகரிப்புப் பெட்டியில் போட
மற்றவற்றின் மேல் விழுந்து டிக் என்றது.
அடுத்த இலக்கம் ஐம்பத்தெட்டு.
பிரின்டராம்.