உறவு என்ற கட்டம்

லாட்ஜுக்குப் போகிறேன் என்றால்
வேலூரில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.
ஊரில் பாதி லாட்ஜ்தான்.
ஒரு நாளைக்கு ஐந்நூறு, வெந்நீர் தனி,
ஸ்கேன் ரிசல்ட் வரும்வரை தங்கலாம்.
ஷாஹிதா மட்டும் கல்யாணமான புதிதில்
"எந்த லாட்ஜ்?" என்று மூன்று முறை கேட்டாள்.

கன்டோன்மென்ட் பக்கம், புளியமரத்துக்குப் பின்னால்
ஓடு போட்ட கட்டடம்.
மாதத்தில் மூன்றாம் சனிக்கிழமை.
வெள்ளைக் கையுறை, இடுப்பில் ஏப்ரன்.
உள்ளே நடப்பதை வெளியே சொல்லக் கூடாது,
சொன்னாலும் பெரிதாக ஒன்றுமில்லை.
கதவைச் சாத்தியதும் எல்லாரும் பிரதர்,
அவ்வளவுதான்.
பிரதர் ஏகாம்பரம், ரிட்டயர்டு சப்-ஜட்ஜ்.
பிரதர் இனாயத்துல்லா, லாங் பஜாரில் பேட்டரிக் கடை.
அது நான்.

தமிழில் இதற்கு ஒரு சொல் தேடிப் பார்த்தேன்.
அண்ணன் இருக்கிறது, தம்பி இருக்கிறது.
யார் முதலில் பிறந்தது என்று தீர்க்காமல்
வாய் திறக்க வழியில்லை.
சகோதரரே என்றால் கையில் மைக் வந்துவிடுகிறது.
காட்பாடி பஸ்ஸில் கண்டக்டர்
"உள்ள போங்க பிரதர்" என்று முதுகைத் தள்ளுகிறார்.
அதே சொல்தான்.

ஞாயிறு காலை இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்ற
காந்தி நகர் வீட்டுக்குப் போவேன்.
கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று
"என்ன பாய், லேட்டு" என்பார் ஏகாம்பரம்.
"ஆமா சார்" என்பேன்.
முந்தின ராத்திரி என் தட்டிலிருந்து
ஊறுகாயைக் கேட்டு வாங்கித் தின்ற மனிதர்.
அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான்.
வெயில் ஏறினால் நாக்கு
பழகிய வழியில் நடக்கிறது.
டிஸ்டில்ட் வாட்டர் ஏழு லிட்டர்,
பில்லில் 'திரு' போட்டே கொடுப்பேன்.

சித்திரையில் ஒரு நாள் பாத்ரூமில் விழுந்தார்.
மகன் இன்னும் விமானத்தில்.
அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி பத்து நாள்.
போன் புத்தகத்தில் 'பி' வரிசையில்
பேட்டரி என்று என் நம்பர் இருந்திருக்கிறது.

பெரிய ஆஸ்பத்திரியில் பாஸ் எழுதும் பெண் கேட்டாள்:
"பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்?"
கட்டம் சின்னது.
"பிரதர்."
என் தொப்பியைப் பார்த்தாள்,
ஆதாரில் என் பெயரை,
ஃபைலில் அவர் பெயரை.
"ஃப்ரெண்டுன்னு போடட்டுமா?"
பின்னால் வரிசை நகரவில்லை.
"போட்டதையே போடுங்கம்மா."
போட்டாள். பேனா கொஞ்சம் திக்கியது.

வார்டில் பிரதர் என்றால் ஆண் நர்ஸ்.
ராஞ்சிக்காரப் பையன், அனுக்ரஹ் டோப்போ,
முப்பது கட்டிலும் அவனைத்தான் கூப்பிடுகின்றன.
பக்கத்துக் கட்டில் வங்காளி
அவனையும் தாதா என்கிறார், என்னையும் தாதா என்கிறார்.
இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு
வேறு வேலை உண்டென்று
அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

விடிய மூன்று மணி இருக்கும்.
காய்ந்த தொண்டையிலிருந்து வந்தது:
"பிரதர்."
எழுந்தேன். மேசைப் பக்கம் அவனும் எழுந்தான்.
அவன் வேகமாக வந்தான், வயசு.
ஸ்பூனில் தண்ணீர் விட்டான், தலையணையைத் திருப்பினான்,
அடுத்த கட்டிலுக்குப் போனான்.
நான் எழுந்தவன் எழுந்தபடியே நின்றிருந்தேன்,
காலியான ஸ்டூலுக்கும் கட்டிலுக்கும் நடுவில்.

யாரைக் கூப்பிட்டார் என்று கேட்கவில்லை.
கேட்கிற நேரமா அது.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.
"இன்னும் போகலையா பாய்?"

இருபத்தோரு வருஷமாக அப்படித்தான் கூப்பிடுகிறார்.
எங்கள் வீட்டு உருதில் அதற்கு என்ன பொருள் என்று
அவர் கேட்டதில்லை,
எனக்கும் இதுவரை ஞாபகம் வந்ததில்லை.

"இல்ல சார்," என்றேன்,
"பாஸ் ஆறு மணி வரைக்கும் இருக்கு."