கலங்கல்

கல்மண்டபம் பக்கத்தில் மாடி லேப்.
காலை ஏழே முக்கால்.
சுற்றி ஓய்ந்த எந்திரத்திலிருந்து
பதினோராம் குழாயை எடுத்தேன்.
அடியில் ரத்தம், சிவப்பாகத்தான் இருந்தது.
மேலே
வெளிர்மஞ்சளாய்த் தெளிந்திருக்க வேண்டியது
கஞ்சித்தண்ணியாய் நின்றது.

ஒட்டிய சீட்டில் பெயர்: இருதயராஜ், 47.
அனலைசர் ஒருமுறை முனகிவிட்டு
திருப்பித் தந்தது:
கலங்கல். அளக்க முடியாது.

போன் போட்டேன்.
"ராத்திரி பரோட்டா கிரோட்டா சாப்பிட்டீங்களாண்ணே?"
"ஏம்மா, சாயங்காலம் ரெண்டு இட்லியோட
வாயக் கட்டுனவன் நான்.
தண்ணியக்கூட டம்ளர்ல கோடு போட்டுத்தான் தர்றா."

மறுநாள் வெறும் வயிற்றோடு வந்தார்.
காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரியில் பாளம் உடைக்கிறவர்.
செருப்பு வார் வீங்கிய பாதத்தில்
புதைந்திருந்தது.
பிலோமினா பையிலிருந்து எடுத்த ஸ்டான்லி சீட்டுகளில்
மாதத்துக்கு ஒரு படியாக
ஏறிக்கொண்டிருந்தது கிரியேட்டினின்.

"எண்ணெயே ஊத்துறதில்லம்மா.
மீனக்கூட வேகவெச்சுத்தான்.
பின்ன எங்கேர்ந்து கொழுப்பு?"
கூண்டில் ஏறி நிற்கிற குரல்.

டாக்டர் சொல்ல வேண்டியது.
இருந்தாலும் சொன்னேன்:
அக்கா, உங்க வாணலி மேல தப்பில்ல.
கிட்னி சல்லடை கிழிஞ்சு
புரதம் நுரை நுரையா வெளிய போகுது.
ஈடு கட்டுறேன்னு கல்லீரல் பதறி
கேக்காத சரக்கையும் சேத்து அனுப்புது.
அள்ளிட்டுப் போறவங்க பாதிப் பேரு
வேலைக்கே வரல,
பொங்கல் லீவுல நம்ம தெரு குப்பை மாதிரி.

அவள் சிரிக்கவில்லை. அவர் சிரித்தார்.

நேற்றைய குழாயைக் காட்டச் சொன்னார்.
காட்டக் கூடாது. காட்டினேன்.
ஜன்னல் பக்கம் சாய்த்து
செவுள் தூக்கிப் பார்க்கிறவர் போல
வெகுநேரம் பார்த்தார்.
"மழை விட்டா எண்ணூர் முகத்துவாரம் இப்படித்தான் கெடக்கும்.
ரெண்டு நாள்ல தெளிஞ்சிரும்."
பிறகு, என் முகத்தைப் பார்த்து,
"தெளியும்ல?"

கிட்னிக்காரர்களில் பலரை
கொண்டுபோவது கிட்னியல்ல என்று
எப்போதோ படித்தது.
சீட்டில் பெயரை
இன்னொரு தரம் வாசித்தேன்.

இடது கையைத் தொடக் கூடாதாம்,
டயாலிசிஸுக்கு வைத்திருக்கிறார்கள்.
வலது புறங்கையில்
ஐஸ் பிடித்து மரத்த தோலுக்கடியில்
நரம்பு ஒளிந்து விளையாடியது.
இரண்டாம் குத்தில் கிடைத்தது.

"நூத்தி அறுபது குறையுது" என்றாள்,
சில்லறையை மறுபடி எண்ணி.

வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் வாங்கும்போது
தாங்கக்கா, என்றேன்.

பஞ்சை அழுத்திப் பிடித்தபடி
படியிறங்கப் போனவர் திரும்பினார்:
"தெளியலன்னாலும் தரணுமா?"