வெள்ளை அட்டை

மின்வாரியத்தில் மிஞ்சிய வெள்ளை அட்டை ஒன்றை
வீட்டுக்கு எடுத்துவந்தேன்.
இணைப்பு எண் இருக்க வேண்டிய இடத்தில்
றெஜிலா, தக்கலை, வயது முப்பத்தொன்பது.
தொகைக் கட்டத்தில்
பதினாறு மணி நாற்பது நிமிடம்.
பதினேழு மணிநேரம் முடிந்தால் வாசலை அடைத்துவிடுவார்கள்.
மிச்சம் இருபது நிமிடம்
கால் இழுத்துக்கொள்வதற்கு.

நீச்சல் மூன்று புள்ளி எட்டு.
சைக்கிள் நூற்றி எண்பது.
ஓட்டம் நாற்பத்திரண்டு, அதன்மேல் ஒரு இருநூறு மீட்டர்.
அந்த இருநூறை எந்தப் பாவி சேர்த்தானோ.

நாளெல்லாம் பிறர் வீட்டுச் சுவரில் எண் வாசிக்கிறவள் நான்.
முந்தைய அளவீடு, இன்றைய அளவீடு,
நடுவே இருப்பது செலவு.
நாய்க்குப் பயந்து வேகமாக நடந்ததில்
எல்லாம் தொடங்கியது என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.
உண்மையான காரணம் எனக்கும் தெரியாது.

தை மாதக் குளச்சல் கடல் எண்ணெய் போலக் கிடந்தது.
ததேயு, இருபத்துநாலு வயசு,
வள்ளத்தில் துணைக்கு வந்தான்,
போனில் கால்பந்து பார்த்துக்கொண்டு.
"எஞ்சின் கிடக்குல்லா, பின்ன என்னத்துக்கு நீந்துதிய?"
வாயில் உப்பு. பதில் சொல்லவில்லை.
மூச்சுக்குத் திரும்பும்போதெல்லாம்
வள்ளத்தின் நீல விளிம்பு, அவன் கால் கட்டைவிரல்,
மறுபடி பச்சை இருட்டு.
சொறி ஒன்று முன்கையில் கோடு இழுத்தது.
அதற்கு அட்டையில் கட்டம் இல்லை.

ஆடியில் கடல் யாரையும் விடாது.
அப்போது குளம்.
தாமரைத் தண்டுக்கு என் கணுக்கால்மேல் என்ன பிரியமோ.
குளிக்க வந்தவர்கள் சோப்போடு நின்று எண்ணினார்கள்:
"இருபத்தேழு."
"இல்ல, இருபத்தெட்டு."

சைக்கிள்தான் என்னை ஏமாற்றியது.
ஆரல்வாய்மொழி தாண்டிக் கிழக்கே போகையில்
முப்பத்தெட்டு, நாற்பது என்று காட்டியது கைக்கடிகாரம்.
வள்ளியூர் வரை நான் ஒரு குதிரை.
பையில் அவித்த ஏத்தம்பழம்,
மனசில் பதினாறைப் பதினைந்தாக்கும் கணக்கு.
டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

காற்று.

முப்பந்தலில் இத்தனை காற்றாலைகளும்
மேற்கே முகம் வைத்து நிற்பது
பஸ்ஸில் போன நாளெல்லாம் கண்ணில் படவில்லை.
பதினொன்று. பத்து. ஒன்பது.
முருங்கைக்காய்க் கட்டோடு போன மொபெட்காரர்
"பஞ்சரா அக்கா?" என்று கேட்டுவிட்டு மறைந்தார்.
மேலே ஒவ்வொரு இறக்கையும்
யூனிட் யூனிட்டாகச் சேர்த்துக்கொண்டிருந்தது.
கீழே அதே காற்றில்
நான் செலவாகிக்கொண்டிருந்தேன்.
போகும்போது இருந்த வேகம் என்னுடையது இல்லை.
இறங்கி, சாலையோரம் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன்.
பிறகு பழம் தின்றேன்.
இரண்டும் உதவின. பழம் கூடுதலாக.

அன்று இரவு பதினாறு நாற்பதை அடித்தேன்.
வேறெதுவும் எழுதவில்லை.
முட்டி வீங்கிய பத்து நாளுக்கு
ஆளில்லாத வீட்டுக்கு எழுதுவதுபோல
"கதவு பூட்டியிருந்தது" என்று எழுதினேன்.

அதன்பின் ஒரு நாள், அதிகாலை மூன்றரை, குலசேகரம் சாலை.
ரப்பர் தோட்டத்துக்குள்
நெற்றி விளக்குகள் மரம் மரமாக நகர்ந்தன.
என் நெற்றியிலும் ஒன்று.
ஒரு விளக்கு நின்றது.
"இன்னைக்கு எத்தனை?" பெண் குரல்.
என்னையும் பால்வெட்டுக்குப் போகிறவள் என்று நினைத்துவிட்டாள்.
"முப்பது" என்றேன், கிலோமீட்டரை.
"அவ்வளவுதானா? எனக்கு முந்நூத்தம்பது மரம்."
சொல்லிக்கொண்டே அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள்.
கடைசி ஏழு கிலோமீட்டரும்
கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பத்து மணிக்கு வேலை.
முளகுமூட்டில் ஒரு பூட்டிய வீடு.
சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தால்
மீட்டரில் சிவப்பு விளக்கு மினுக்குகிறது.
வீட்டில் யாரும் இல்லை,
உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது.
பெருவிரலில் நின்று எண்ணை வாசித்தேன்,
கெண்டைக்கால் கத்தியது.

போட்டிக்கு இன்னும் நாற்பத்தொரு நாள்.
தொகைக் கட்டத்தில், பென்சிலால்:
வாசல் அடைப்பதற்கு முன்.

மரச்சீனி வாங்க வேண்டும்.
போனில் ததேயு:
"கடல் அடங்கிட்டு. நாளைக்கு வாறியளா?"