கீழ்த்தளம் மூன்று

அங்கயற்கண்ணி என்ற என் பெயர்
கன்னடப் பலகையில் சரியாக இருந்தது.
ஆங்கிலத்தில் ஏஞ்சல் கன்னி ஆகியிருந்தேன்.
"இண்டஸ்ட்ரிக்கும் காலேஜுக்கும் நடுவே ஒரு பாலம்,
அதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசம்மா" என்றார் துறைத்தலைவர்.
பாலம் என் பிரிவில்லை சார்,
நான் தண்ணீர் இறைக்கிற ஆள்.
சொல்லவில்லை. மைக்கைத் தட்டிப் பார்த்தேன்.

சர்ஜாபூர் சாலையில் பதினெட்டு மாடி.
உச்சியில் நீச்சல் குளம்.
கார் நிறுத்தும் மூன்றாம் கீழ்த்தளத்தில்
யாரும் கட்டாத இன்னொன்று.
சேர்ந்த அன்று கொடுத்த ரப்பர் பூட்ஸ்
இரண்டு சைஸ் பெரியது.
செய்தித்தாளைத் திணித்துக்கொண்டு இறங்கினேன்.
கணுக்கால் வரை வந்தது.
'கசிவு' என்று எழுதச் சொன்னார் மேலாளர்.
கசிவென்றால் ஒரு டப்பா ரசாயனம், ஒரு பில்.
ஏரி என்றால் கோர்ட்டு.

நான்காம் செமஸ்டரில்
மணலுக்குள் தண்ணீர் என்ன வேகத்தில் போகிறதென்று
அளக்கும் சோதனை ஒன்று உண்டு.
சிரிக்கிறீர்களே, அதேதான்.
எங்கள் பேட்ச்சில் அதைச் செய்தவள் ஒருத்தி, ஷாஹீன் பானு.
மற்ற முப்பத்தேழு பேரும் அவளைப் பார்த்து எழுதினோம்,
கடைசித் தசமத்தை மட்டும் ஆளுக்கொன்றாய் மாற்றி.
எனக்கு ஏழு கிடைத்தது.

அந்த ஏழோடுதான்
கீழ்த்தளத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

ஷாஹீன் இப்போது சிவாஜிநகரில்
ஒரு வங்கியில் இன்சூரன்ஸ் விற்கிறாள்.
டோக்கன் எண் கூப்பிடும் குரலுக்கு நடுவே
படிப்படியாகச் சொன்னாள், எதையும் பார்க்காமல்:
"குழாயில காத்துக் குமிழி இருக்கும்டி,
முதல்ல அதைத் தட்டி வெளியேத்து. அவசரப்படாதே."
வைப்பதற்கு முன், குரலைத் தணித்து,
"வேற ஏதாவது டவுட்னாலும் கூப்பிடு" என்றாள்.

பம்பு ஓட்டுகிறவன் திகம்பர், ஒடிசாக்காரன், இருபது வயது.
எட்டு மாதமாகத் தினமும் காலையில்
தூணில் ஆணியால் ஒரு கீறல், பக்கத்தில் தேதி.
எதற்கடா என்றால்,
ராத்திரி தூங்கிவிட்டேன் என்று திட்டுவார்கள் மேடம்,
அதற்குச் சாட்சி.
கீறல்களை லேப்டாப்பில் ஏற்றினேன்.
மழைப் பதிவைப் பக்கத்தில் வைத்தேன்.
ஒவ்வொரு மழைக்கும் ஒன்பதாம் நாள்
கிழக்குச் சுவரைத் தட்டியிருக்கிறது தண்ணீர்.
கிழக்கே, பழைய வரைபடத்தில், நீல நிறம்.
இப்போது அங்கே ஒரு ஷோரூம், ஒரு பிரியாணிக் கடை.

அறிக்கையில் கசிவு என்றே போயிற்று.
உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை.
ஒன்பது நாளைப் பின்னிணைப்பில் வைத்தேன்,
பதினான்காம் பக்கம், யாரும் புரட்டாத இடம்.
திகம்பர் பெயருக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.
தரவு மூலம்: தூண் எண் சி-22.

"படிச்சதுல எத்தனை பர்சென்ட் யூஸ் ஆச்சு மேடம்?"
முன்வரிசைப் பையன், பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு.
அப்போதுதான் போன் அதிர்ந்தது.
தூணின் படம்.
நேற்றையதைவிட நாலு விரல் மேலே புதுக் கீறல்.

"ஒரு நிமிஷம்" என்றேன் மைக்கில்,
"ஒன்பது நாளைக்கு முன்னால் மழை பெய்ததா?"
ஜன்னலுக்கு வெளியே பளீரென்று வெயில்.
ஒருவருக்கும் ஞாபகமில்லை.
துறைத்தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.
"பெய்தது மேடம், சனிக்கிழமை சாயங்காலம்.
என் லேப் ரெக்கார்ட் நனைஞ்சு போச்சு.
திரும்ப எழுதிட்டிருக்கேன்."

யாரைப் பார்த்து என்று கேட்க வாயெடுத்தேன்.
விட்டுவிட்டு
தூணுக்குப் பதில் அனுப்பினேன்:
இரண்டாவது பம்பையும் போடு.