பாரத்தில் வைத்து இறுக்குதல்

பதினான்கு கதிரைக் கால் ஒரே நாளில் முறிந்தது.
வெல்லாவெளிக்கு அங்கால் ஒரு செத்தவீடு, மார்கழி வெள்ளம்.
கெப் தண்ணீரைத் தாண்டியது, அதில் குறையில்லை.
தாண்டியபின் வந்த ஒவ்வொரு கிடங்கிலும்
பின்பெட்டி துள்ளி விழுந்தது,
நாலு கிடாரமும் ஒன்றையொன்று ஏசிக்கொண்டே வந்தன.
சுபோதினி கொப்பியில் எழுதினாள்:
கதிரை 14. நட்டம். காரணம்: நீங்கள்.

உயர்த்தியது நான்தான், மூன்று வருசத்துக்கு முன்.
பின் வில்லுக்கும் அச்சுக்கும் நடுவில் இரும்புக் கட்டை,
முன்னுக்கு முறுக்குக் கம்பியில் இன்னும் நாலு முறுக்கு.
இரண்டு பின்னேரத்தில் முடிந்தது வேலை.
களுவாஞ்சிகுடிச் சந்தியில் பெடியள் படம் எடுத்தார்கள்.
நானும் கொஞ்சம் நிமிர்ந்துதான் ஓட்டினேன்.
அதற்குப் பிறகு ஒரு மாரி வரைக்கும்
அவள் பக்கத்துச் சீற்றில் வந்தாள்.
பிறகு முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்,
ஏறவில்லை.

இன்று போயா.
காத்தான்குடியில் பேரம்பேசி ஏற்றிவந்த
ஏழு தகட்டு வில் ஒரு சோடி,
நீள ஷொக் நாலு, ஒரு பை புஷ், யூ போல்ட்டுகள்.
கராஜ்காரன் கூலிக்கு மட்டும் கேட்டது
ஒரு கலியாணத்தின் முழு வாடகை.

எங்கள் வளவு கடல்மணல்.
ஜக்கை வைத்தால் வண்டி எழும்பாது, ஜக் இறங்கும்.
வெள்ளத்தில் ஊதிப்போன குசினிக் கதவைக் கிடத்தி
அதன்மேல் பலகை, பலகையின்மேல் ஜக்.
பாரம் ஏறும்போது கதவு ஒருமுறை கிறீச்சிட்டது,
பழக்கதோசம்.

பின்கண் போல்ட்டு ஒன்பது மணிக்கு மறுத்தது,
பத்தரைக்கும் மறுத்தது.
மண்ணெண்ணெய் குடித்தது, சுத்தியலடி வாங்கியது,
என் வாயால் வந்ததெல்லாம் கேட்டது.
கிரைண்டரை எடுக்கக் கரண்ட் போனது.
மதிலுக்கு மேலால் டிலுக்சன் எட்டிப் பார்த்து
"அண்ணே, அது மற்றப்பக்கம் சுழட்டுறதோ?"
இல்லை.
அவன் போனபிறகு ஒருக்கா சுழற்றிப் பார்த்தேன்.

கழற்றிய வில் இரண்டையும் மணலில் போட்டபோது
இடப்பக்கத்து வில்லில் இன்னும் கொஞ்சம் வளைவு இருந்தது.
வலப்பக்கத்தது சட்டப்பலகை மாதிரி நீட்டிக் கிடந்தது,
என் பக்கம்.
ஒருவனாய் ஓடிய தூரமெல்லாம்
இரும்பில் எழுதியிருக்கிறது என்று நினைத்தேன், சொல்லவில்லை.
அவள் குனிந்து பார்த்தாள்.
"சோத்தைக் குறைக்கலாம்" என்றாள்.

புது வில் ஏறிவிட்டது. சில்லு தொங்குகிறது.
பிரேக் குழாய் விறைத்து நிற்பதை
விரலால் தட்டிக் காட்டியவளும் அவள்தான்.
தட்டை இரும்பில் இரண்டு துளை போட்டு
பிடியைக் கீழிறக்க இன்னுமொரு மணித்தியாலம்.
நட்டில் சாவியை மாட்டி
முழுப்பலத்தையும் போடப் போகும்போது
"பொறுங்க" என்றாள்.
புஷ் பெட்டிக்குள் கிடந்த தாளை
வெயிலுக்குப் பிடித்திருந்தாள்.
எழுத்து என்ன பாசையோ தெரியாது,
"ஆனா படத்தில சில்லு நிலத்தில நிக்குது.
தொங்கக்குள்ள இறுக்கினா
புஷ் அந்தரத்தையே நேர் எண்டு நினைச்சிரும்.
வண்டி இறங்கினதும் முறுகிக் கிழியும்.
இறக்குங்க. பாரத்தைப் போடுங்க. பிறகு இறுக்குங்க."

இறக்கினேன்.
மிச்சமிருந்த நூற்றியாறு கதிரையையும் அடுக்கினோம்,
கிடாரம் நாலையும் கவிழ்த்து வைத்தோம்.
கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் அதே கதிரை,
பாரத்தில் வித்தியாசம் இல்லை.
இடப்பக்கம் இன்னும் ஒரு விரல் உயர்ந்திருந்தது.
அவள் யோசித்தாள், கதவைத் திறந்தாள்,
கைபிடித்து மெல்ல ஏறி இருந்தாள்.
வில் ஒரு சத்தமும் போடாமல்
அந்த விரலளவைக் கொடுத்தது.

நான் கீழே, மல்லாந்து, கண்ணில் துரு.
மேலே அவளுடைய போன் அடிக்கிறது.
"ஓம்... நூத்தியாறு இருக்கு...
எங்க? பழுகாமத்துக்கு அங்காலயோ?
றோட்டு எப்பிடி?"
கலியாணமோ செத்தவீடோ, கேட்கவில்லை அவள்.

கடைசி நட்டு. இன்னும் கால் சுற்று.
"அசையாம இரு புள்ள" என்கிறேன்.