ஒட்டு எண் பதினேழு

லியெபாயாவில் நான்காவது நாளாகக் கடல்காற்று.
துறைமுகத்தில் கோதுமை எடை போட்டு வந்து
பூட்ஸைக் கூடக் கழற்றாமல் உட்கார்கிறேன்.
எடிட்டரின் புதிய பதிப்பு வந்திருக்கிறது.

பதினாறு ஒட்டுகள் பொருந்தின.
பதினேழாவது மட்டும் ஒட்டவில்லை.
ஓயார்ஸ் எழுதியது, மூன்றே வரி:
தலையில் கோடு போட்ட எங்கள் நெடில் ‘ஆ’வைத் தாண்டுகையில்
கர்சர் தடுக்கி விழாமலிருக்க.

பதினோரு வருடம்
ஒவ்வொரு பதிப்பிலும் அதை
இரண்டு வரி மேலே, ஒரு வரி கீழே
நகர்த்தி நகர்த்தித் தைத்திருக்கிறேன்.
ஓயார்ஸ் இப்போது லாரி ஓட்டுகிறான்.
கேட்டால் “எந்த எடிட்டர்?” என்பான்.

ஏன் ஒட்டவில்லை என்று பிரித்துப் பார்த்தால்
மூலத்திலேயே சரிசெய்துவிட்டார்கள்.
அதே மூன்று வரி,
வேறு யாரோ பெயரில்.

அழித்தேன்.
எட்டு வகை இயந்திரங்களுக்கும் கட்டக் கொடுத்துவிட்டு
சூப்பைச் சுடவைத்தேன்.
ஏழு, பச்சை.
எட்டாவது, யாரிடமும் இல்லாத அந்தப் பழைய வகை,
முக்கிக்கொண்டிருந்தது.

மாற்றக் குறிப்பில் எழுதினேன்:
“ஒட்டு 17 நீக்கம். இனித் தேவையில்லை.
நன்றி, ஓயார்ஸ்.”

எழுதியது வேறொரு எடிட்டரில்.
இதை நான் பயன்படுத்தி
ஆறு வருடம் இருக்கும்.

மணி ஒன்றரை.
எட்டாவது இன்னும் ஓடுகிறது.